தேமல் கண்ட ஏலமும் பயந்தாங்கொள்ளி நானும்

ஏல நாற்று வளர்ப்பவளுக்கு எப்போதும் ஒரு பிள்ளை கூடுதல். பெற்றது இருமிக் காட்டும், நட்டது சொல்லாமலே சீக்காகும். குரங்கணிக்கு மேலே எங்கள் நாற்றங்காலில் தேமல் நோய் புகுந்தபோது எனக்குக் கைக்குழந்தை. நாற்று கெட்டது என்று பெயர் வந்தால் மலையை விட்டே இறங்க வேண்டியதுதான். இளம் இலையில் வெளிறிய கோடு ஓடுவதைக் கண்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

நீலக் குளியல்

கோட்டைப் பார்த்ததும் என் கான்வென்ட் படிப்பு அதைப் பூஞ்சை என்று தீர்மானித்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தைப் பாத்தி முழுக்க அடித்தேன். வந்திருந்ததோ வைரஸ். அசுவினிப் பூச்சி ஊசிவாயால் சாறு உறிஞ்சும்போதே அதை உள்ளே விட்டுவிடுகிறது. மேலே பூசிய மருந்து என்ன செய்யும்? நாற்று வாங்க வந்த, போடிப் பக்கத்து ராசிங்காபுரம் பெருமாள் அண்ணன் பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஏன் ஆத்தா, நாத்து வளக்குறீகளா, வேட்டிக்கு நீலம் போடுறீகளா?"

மாமா கொடுத்த தூர்

நோய் வந்த வழியைத் தேடினால், அது சின்ன மாமனார் ஆசையாக வேரோடு பெயர்த்துக் கொடுத்த ஏலத்தூர், ஒரு செடிக் கொத்து. சொந்தக்காரர் கொடுத்த தூரை, அவர் வந்து முதல் காய் கிள்ளும்வரை எங்கள் வீட்டில் பிடுங்க மாட்டோம். அதனால் கோடு விழுந்த பிறகும் கடலைப் புண்ணாக்கு வைத்துச் சீராட்டினேன். செடி தளதளத்தது, அசுவினியும் பெருகி, அங்கே குடித்துவிட்டு நாற்றில் வந்து உட்கார்ந்தது. மாமா வந்த அன்று, குழந்தையை முன்னால் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "செடியத்தானே குடுத்தேன், பொண்ணையா குடுத்தேன்? பிடுங்கித் தீயில போடு ஆத்தா, வெரசா!"

குலைக்கிற நாய்

நாற்றில் பாதியும் தீக்குப் போனது. பக்கத்தில் ஒரே ஒரு பழைய தூர் மட்டும் கோடு விழாமல் நின்றது. நோயைப் பார்க்க வந்த விவசாய அதிகாரி அதைக் குனிந்து பார்த்தார். "செடிக்குள்ளயும் காவல் நாய் உண்டும்மா. கிருமி அதுக்குப் பிஸ்கட்டப் போட்டு வாயடைச்சுட்டுத்தான் நுழையும். இந்த நாய் பிஸ்கட் திங்காது போலிருக்கு" என்றார். அப்படியும் அவருக்கே நம்பிக்கை வராமல், நோய்ச் செடியின் அசுவினியைப் பிடித்து அந்தப் பழைய தூரிலேயே விட்டார். எனக்கு உயிரே போனது.

மழைக்காலம் முழுக்கக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இலை இலையாகப் பார்த்தேன். கோடு விழவே இல்லை. அந்தத் தூரின் தண்டுகளை, தட்டை தட்டையாக, வேரோடு பிரித்து நட்டோம். அவையும் சுத்தமாகத் தழைத்தன. சேதி போடிக்கு எட்டியதும் பெருமாள் அண்ணன் ஜீப்பைப் பிடித்து வந்துவிட்டார். "பிஸ்கட் திங்காத நாயோட குட்டி அம்புட்டும் எனக்குத்தான் ஆத்தா, வேற யாருக்கும் வாக்குக் குடுத்துறாதீக!"

ஆக, நாங்களும் மலையை விட்டு இறங்கவில்லை, அசுவினியும் இறங்கவில்லை. ஒரே சரிவில், ஒருவரை ஒருவர் முறைத்தபடி, குடித்தனம் நடக்கிறது.