நாள் தவறிய உடம்பும் என் முளைப்பாரியும்

அம்மனை நம்பி நடக்கிற சொந்தங்களே, கூச்சத்தை விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன தை மாதம் எனக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. மதுரையில் வயிற்றைக் கிழித்துப் பெரிய ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து வந்தால் ஆடியில் முளைப்பாரி எடுக்கிறேன் என்று எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்.

பிழைத்தேன். ஆனால் உடம்பு பழைய உடம்பாக இல்லை. மூன்று மாதம் மாதவிலக்கே வரவில்லை. கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் போல என்று தெருவில் பேசினார்கள். வைகாசியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தது. கொட்டித் தீர்த்தது. குடம் தூக்கினால் கண் இருட்டியது. விளக்கேற்றக்கூட நாளில்லை. சலித்துப்போனேன்.

"என்னை வேண்டாமுன்னு ஒதுக்கிட்டியா தாயீ? ஒரு வழியச் சொல்லு" என்று படுத்துக் கிடந்தபடியே கேட்டேன்.

ஆடி வந்தது. விதை போட்டேன். முளைப்பாரி தூக்கும் நாளில் விலக்கு வந்துவிடுமோ என்று பயந்து, தள்ளிப்போடும் மாத்திரை வாங்கப் போனேன். திருவிழா என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற காரியம்தான். ஆபரேஷன் புண்ணுக்குப் பஞ்சு வாங்கிய அதே மெடிக்கல். அங்கிருந்த பெண் மாத்திரையை எடுத்த கையை நிறுத்திவிட்டாள்.

"யக்கா, ஆபரேஷன் பண்ண ஒடம்பு. டாக்டர் எழுதாம தர மாட்டேன், கோவிச்சுக்கிட்டாலும் சரி. மொகம் இம்புட்டு வெளுத்திருக்கு. மொதல்ல போய்க் காட்டுங்க."

கோபித்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனாலும் போய்க் காட்டினேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பை நன்றாகவே இருக்கிறது என்றார். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி நாள் மாறுமாம். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார். தள்ளிப்போடும் மாத்திரை இப்போது எனக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊர்வலத்தன்று காலையில் வந்தேவிட்டது. என் முளைப்பாரியை நாத்தனார் சுமந்தாள். நான் தெருமுனையில் தள்ளி நின்று அழுதேன். பார்த்துவிட்டு நின்றாள்.

"எதுக்கு மதினி அழுகுறீக? நேந்தது நீங்க, வெதச்சது நீங்க. கழுத்து வலி மட்டுந்தான் எனக்கு."

சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஐப்பசியிலிருந்து முப்பது நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறது. அசதி இன்னும் முழுதாகப் போகவில்லை. போகும். வழி கேட்டேன், அந்த மெடிக்கல் பெண்ணின் வாயால் அம்மன் சொன்னாள் என்றே நம்புகிறேன். முன்பெல்லாம் ஒதுங்கி இருக்கும் நாட்களில் அவளைக் கூப்பிடவே மாட்டேன். இப்போது கூப்பிடுகிறேன். நீங்களும் கூப்பிடுங்கள். குளித்து முழுகித்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அவளுக்குக் கேட்கிறது.