எண்ணெய் பூசியும் நிற்காத உதிரம்

மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆன பிறகு எனக்கு மறுபடியும் உதிரம் பட்டது. போன வருஷம் தை மாதம், ஒரு திங்கட்கிழமை. எனக்கு வயது ஐம்பத்து நாலு. முதலில் ஒரு சொட்டு. பிறகு வாரத்தில் இரண்டு நாள். அப்புறம் நிற்கவே இல்லை. ஆறு மாதம் மனுஷர் யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். அதையும் "பலவீனம்" என்று பெயர் மாற்றித்தான் சொன்னேன். எல்லாம் அறிந்தவரிடமே மூடி மறைக்கப் பார்த்த புத்திசாலி நான்.

என் பெயர் ஞானசுந்தரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் தேவராஜ் காட்டுப்பள்ளிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் இருக்கிறார். சாட்சி சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டவர்கள், ஆபரேஷனைப் பற்றி ரொம்பப் பேசாமல் மகிமையை மட்டும் சொல்லச் சொன்னார்கள். நான் மகிமையைப் பார்த்ததே ஆபரேஷனில்தான். அதனால் அதைத்தான் சொல்வேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்க்கொள்ளலாம்.

முதலில் என்னைப் பற்றியே சொல்கிறேன். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக் குழுவுக்குத் தலைவி நான். யாராவது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால்கூட "உனக்கு விசுவாசம் கம்மி" என்று முகத்துக்கு நேரே சொல்லுவேன். என் சர்க்கரை மாத்திரையை மட்டும் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்வேன். இந்த லட்சணத்தில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடி மாதம் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி வந்தது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என் நாத்தனார் லில்லியிடம் சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே ஒரு பிரதரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொன்னேரிப் பக்கத்தில் பெரிய கூட்டங்கள் நடத்துகிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. எங்கள் தெருவில் ஷூவில் படிகிற இரும்புத் தூசியைத் தட்டிக்கொண்டேதான் அவர் ஜெபமே பண்ணினார். என் வயிற்றில் ஒரு கறுப்பு முடிச்சு இருப்பதாகத் தனக்குத் தரிசனம் கிடைத்ததாம். யாரோ பொறாமையில் வைத்த செய்வினையாம். கத்தி படக்கூடாதாம், பட்டால் அபிஷேகம் போய்விடுமாம். ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்து, மூன்று வாரம் வயிற்றில் பூசச் சொன்னார்.

பூசினேன். உபவாசமும் இருந்தேன். சர்க்கரைக்காரி உபவாசம் இருந்து அடுப்படியில் மயங்கி விழுந்ததுதான் மிச்சம். உதிரம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிரதருக்குப் போன் போட்டால், "சிஸ்டர், உங்க உள்ளத்துல சந்தேகம் இருக்கு" என்றார். சந்தேகம் இருந்தது உண்மைதான். அது அவர் மேல்தான் என்று சொல்கிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பத்மா ஆரம்பாக்கத்துக்காரி. நெற்றி நிறையக் குங்குமம் வைப்பாள். அவளிடம் நான் ஒட்டுவதில்லை. விக்கிரகம் கும்பிடுகிறவள் தொட்ட தட்டில் சாப்பிடுவேனா என்று தனித் தட்டு வைத்திருந்த மகாத்மா நான். ஆவணியில் ஒரு நாள், இட்லிக் குண்டானுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது என் புடவையின் பின்பக்கம் கறை பட்டுவிட்டது. ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பத்மா ஓடி வந்து தன் ஏப்ரனை என் இடுப்பில் சுற்றிக் கட்டி, என்னை ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"எத்தினி மாசமா இப்டி?"

சொன்னேன்.

"ஏழு மாசமா? இன்னா பொம்பள நீ? எங்க அக்காவும் இப்டித்தான் சாமி, மந்திரம்னு சுத்திகினு இருந்தா. இப்ப போட்டோவுல இருக்கா. நாளைக்கு லீவு போடு, நான் கூட வரேன்."

மறுநாள் அவளும் லீவு போட்டாள். நான் தட்டு பிரித்து வைத்த அதே பத்மா, ஸ்கேன் எடுக்கிற இடத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது என்று சொல்லிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சதை எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய்.

டாக்டரம்மா என் மகள் வயதுப் பெண். பெரிதாகப் பரவின மாதிரி தெரியவில்லை, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட வேண்டும், இனியும் தள்ளக்கூடாது என்றார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். "ஜெபம் பண்ணிக்கினு இருந்தேம்மா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நானும் பண்றவதான். ஆனா பண்ணிட்டு டியூட்டிக்கு வந்துடுவேன்" என்றார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

புரட்டாசி முதல் வாரம் வார்டில் சேர்ந்தேன். ரத்தப் பரிசோதனை, இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் முடிந்தது. என் வீட்டுக்காரரும் யார்டில் அவரோடு வேலை பார்க்கிறவர் ஒருவரும் ரத்தம் கொடுத்தார்கள். ஆனால் ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பிரஷர் நூற்று எண்பதைத் தாண்டி நின்றது. மயக்க டாக்டர் முடியாது என்று திருப்பி அனுப்பினார். மாத்திரையை மாற்றினார்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. பயம்தான் காரணம். கண்ணை மூடினால் கத்திதான் தெரிந்தது. அபிஷேகம் போய்விடும் என்று சொன்ன குரல்தான் கேட்டது.

செய்தி எப்படித்தான் போகுமோ, அன்றைக்கு மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் லில்லியும் பிரதரும் வந்து நின்றார்கள். இரண்டு தடவை ஆபரேஷன் நின்றதே கர்த்தர் தடுக்கிறார் என்பதற்கு அடையாளம் என்றார் பிரதர். நம் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லில்லி விசாரித்தே வைத்திருந்தாள். "பேசாம ஊட்டுக்கு வா அண்ணி. சபையே உனக்காக உபவாசம் இருக்குது" என்றாள். பாதி வார்டு எங்களையே பார்த்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "இன்னா பண்லாம்னு நீயே சொல்லு சுந்தரி. எனக்கு ஒண்ணும் ஓடல" என்றார்.

பாத்ரூமுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். பினாயில் நாற்றம் அடிக்கிற அந்த இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். முப்பது வருஷமாகக் கூட்டத்தில் நின்று அழகழகாக ஜெபம் பண்ணினவள் நான். அன்றைக்கு அந்த அலங்காரம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குக் கேன்சர். எனக்குப் பயமா இருக்கு. நான் சாக விரும்பல. இவங்க முன்னால வேணாம்னு சொல்ல எனக்கு வாய் குடுங்க." இவ்வளவுதான். முதல் தடவையாக வியாதியின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.

வானம் திறக்கவில்லை. குரல் கேட்கவில்லை. சுவரைப் பிடித்திருந்த கையை எடுக்க மட்டும் முடிந்தது. நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். பிரதர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதை அப்போதுதான் கவனித்தேன். அதற்கு முந்தின மாதம்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்கும் சபையே உபவாசம் இருந்தது.

"உங்க கண்ணுக்கு எந்த எண்ணெய் பூசினீங்க பிரதர்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"லென்ஸ் தான வச்சிகினீங்க. கத்தி உங்க கண்ணுல படலாம், என் வயித்துல படக்கூடாதா? ஊட்டுக்குப் போங்க. லில்லி, நீயும் போ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போடுகிற அளவுக்கு அவர் எனக்குப் பெரிய ஆளாகத் தெரியவில்லை. வெள்ளை ஷூ படியில் இறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டேன். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. குழந்தை மாதிரி தூங்கினேன். அடுத்த இரண்டு நாளும் பிரஷர் ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் நூற்று முப்பது. மாத்திரையா, ஜெபமா என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு இரண்டையும் ஒரே கைதான் கொடுத்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்பதைக் குளிர்தான் முதலில் சொன்னது. மறுநாளே எழுந்து நடக்க வைத்தார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். காற்றுப் பிரிந்த பிறகுதான் கஞ்சி கொடுத்தார்கள். அதற்காகவும் ஜெபம் பண்ணினேன், சிரிக்க வேண்டாம். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஆறு வாரத்துக்குக் குனியக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அடுப்புப் பற்றவைத்தார். அவர் வைத்த ரசத்தை நாய்கூட மோந்து பார்க்காது. ஆனால் ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள், "பை எடுத்துட்டாங்களே, இனி நீங்க முழுப் பொம்பளையா?" என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்மா ஞாயிறுதோறும் வந்து என் துணிகளைத் துவைத்துப் போட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சும்மா பேஜாரு பண்ணாத அக்கா, படு" என்றாள்.

எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்த ரிப்போர்ட் ஐப்பசியில் வந்தது. நோய் பையைத் தாண்டவில்லை. வேறு சிகிச்சை தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணினேன். அவரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிரதர் தன் கூட்டங்களில், "மரண வாசலில் இருந்த ஒரு சகோதரியை எண்ணெய் அபிஷேகத்தால் மீட்டோம்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு எங்கள் சபைக்கே வந்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார். போனேன். மைக்கை வாங்கி, கர்ப்பப்பைப் புற்றுநோய் என்கிற வார்த்தையைச் சபையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆபரேஷன் என்றேன். பத்மா என்றேன். எண்ணெய் இன்னும் முக்கால் பாட்டில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். பரவாயில்லை. முப்பது வருஷம் ஜெபம் பண்ணின தொண்டை எனக்கு, மைக் தேவைப்படவில்லை.

ஜெபக் குழுத் தலைமையை அடுத்த வாரமே என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் வீட்டில்தான் முழங்கால் போடுகிறேன். சின்ன வார்த்தைகளில், உள்ளதை உள்ளபடி பேசுகிறேன். முன்பைவிட அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது விலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டிருந்தால், இதைக் கேட்டு முடித்ததும் முழங்கால் போடுங்கள். வியாதியின் பெயரைச் சொல்லியே ஆண்டவரிடம் பேசுங்கள், அவர் கூச்சப்படுகிறவர் இல்லை. பிறகு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் அவர் இருக்கிறார். நான் பார்த்தேன்.

மைக்கை அணைத்த அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கி வந்தபோது யாரும் என் கையைக் குலுக்கவில்லை. வாசலில் செருப்பு போட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் உட்காருகிற ஒரு பெண் பக்கத்தில் வந்து, தன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா, அந்த டாக்டரம்மா எந்தக் கெழம பாக்குறாங்க?"

செவ்வாய்க்கிழமை என்றேன். நானும் வருகிறேன் என்றேன்.