காய்ந்த போரில் விட்ட குழாய்

கக்கூஸ் கட்டினால்தான் பெண் தருவேன் என்று என் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் என் கல்யாணத்துக்கு முந்தின மாதம், சோமனூர் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தோட்டத்து வீட்டில் அவசரமாக ஒன்றைக் கட்டினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்தத் தோட்டக் காட்டில் ஐந்தடி தோண்டினால் கரும்பாறை. ஐந்தடியிலேயே நிறுத்தி, சிமெண்டு உறைகளை இறக்கி, மேலே பலகைக்கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். பாறை எதை உறிஞ்சும்? ஒரே வருஷத்தில் குழி நிரம்பிவிட்டது.

நிரம்பிவிட்டது என்று சுலபமாக எழுதிவிட்டேன். மழை பெய்த காலைகளில் பீங்கானில் தண்ணீர் ஊற்றினால் கீழே போகாது, போனதெல்லாம் மேலே வரும். மூடியின் விளிம்பில் மஞ்சள் நுரை கசியும், அதில் வெள்ளைப் புழுக்கள் நெளியும். கோழிகள் ஓடி வந்து அவற்றைக் கொத்தும். அந்தக் கோழிகளின் முட்டையை நான் தொடுவதில்லை. உப்புப் போட்டால் குழி இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாமனார் ஒரு மூட்டை கல்லுப்பைக் கொட்டினார். நாற்றத்தில் உப்புக் கரித்ததுதான் மிச்சம். உறிஞ்சி எடுக்கும் லாரியைக் கூப்பிடலாம் என்றால், வேலிகளுக்கு நடுவே வரும் எங்கள் இட்டேரிப் பாதைக்குள் மாட்டுவண்டிதான் நுழையும்.

வழி கண்டுபிடித்தவர் என் கணவர். வாழைக்காட்டு ஓரத்தில், தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைப் போர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஏனுங்கப்பா, இத அந்தப் போருக்குள்ள உட்டுப்போட்டா என்னுங்க? நம்ம காலத்துக்கும் நெறையாதுங்க."

மறுநாளே குழாய் போட்டாகிவிட்டது. குழி காலியானது, நுரை நின்றது, நான் முட்டை தின்ன ஆரம்பித்தேன். அந்த யோசனைக்காகக் கணவரை மெச்சிக்கொண்டவளும் நான்தான். போனது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நான்கைந்து மாதம் கழித்து, எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஒரு அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். காட்டுக்குக் கீழ்ப்புறம், பள்ளத்தில் இருந்த கூலிக்காரர் வளவில் அவருக்கு வீடு. வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"அம்மணி, இதை ஒருக்கா மோந்து பாருங்க. எங்க கெணத்துத் தண்ணிங்க. ஒரு மாசமா என்னமோ நாத்தமுங்க. கொழந்தைகளுக்கெல்லாம் வவுத்தால போகுதுங்க. பெரியவருக்குத் தண்ணி ஓடற வாகு நல்லாத் தெரியுமுங்களே, கேட்டுச் சொல்லுங்க."

எங்கள்மேல் அவருக்குத் துளி சந்தேகமில்லை. யோசனை கேட்டுத்தான் வந்திருந்தார். முகர்ந்து பார்த்தேன். ஒரு வருஷம் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அடையாளம் தெரியாதா என்ன.

"கேட்டுச் சொல்றேன், போ" என்றேன். என் அம்மா வயது அவருக்கு. அந்த வீட்டில் வளவுக்காரர்களுக்கு யாரும் மரியாதைக்கு 'ங்க' போடுவதில்லை, நானும் பழகியிருந்தேன்.

சாயங்காலம் மாமனாரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"முன்னூறு அடிக்குக் கீழ போறது அவங்க கெணத்துக்கு எப்புடிக் கண்ணு வரும்? பாறைக்குள்ள நடக்கறது ஆருக்குத் தெரியும்? நீ சும்மா இரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

வெளியே தெரிவதுதான் அவருக்கு அசிங்கம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொம்பை அவர் முன்னால் வைத்தேன்.

"அப்பிடீன்னா ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, மாமா."

அவர் சொம்பை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைச் சுளித்து, காலால் அதை அக்கட்டால தள்ளினார்.

"அவங்க ஊட்டுத் தண்ணிய நாம எப்புடிக் கண்ணு குடிக்கறது?"

அருவருப்பு என்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புழுக்களைப் பார்த்தபோது வந்தது இதன் பக்கத்தில் நிற்காது. அந்த வளவில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குடும்பம் எங்களுடையது. அவர்களோ எங்கள் மலத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சண்டை நடந்தது. கணவர் யோசிக்கலாம் என்றார், மாமனார் பேச்சை நிறுத்தினார், நான் ஒரு வேளை பட்டினி கிடந்தேன். ஒன்பதாம் நாள் குழாயை அறுத்து, போரின் வாயைக் கல் வைத்து அடைத்தார்கள். என்னால்தான் நடந்தது என்று கணவர் இன்றும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

அந்த ஒன்பது நாளுக்கு இடையில் ஒருநாள் அந்த அம்மா களையெடுக்க வந்தவர், பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"பாக்கறேன்னாரு" என்றேன்.

குடிக்காதே என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். குடும்ப மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் களைக்கொத்தை எடுத்தார். அந்த ஒன்பது நாளும் விடிந்ததும் அதே கக்கூஸுக்குத்தான் போனேன். எழுந்து வரும்போது, நாற்றம் தங்கக் கூடாது என்று கூடுதலாக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.