கடைசி வரியில் ஒரு பெயர்

அந்த மேசைத் தொலைபேசியின் சுருள் கம்பி பாதிக்கு மேல் தளர்ந்து தொங்கும். சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட, அலுவலகமே அக்கா என்றழைத்த மூத்தவர், பேசும்போது அந்தக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். அறிவிப்பு வந்ததும் அந்தக் குடும்பத்தை அழைப்பார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்களைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பார்: “கூட இருந்து பார்த்துக்கிட்டது யாருங்க?” பட்டியலில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. சிலர் சேர்க்கச் சொல்வார்கள். சிலர் போனை வைத்துவிடுவார்கள். வைத்தவர்களைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செய்தி ஆசிரியர் பதவி முதலில் அவருக்குத்தான் வந்தது. “அங்க போனா நாள் பூரா மீட்டிங்தான் லா. இந்த போனை யாரு பண்றது?” என்று சிரித்துவிட்டார். பதவி எனக்கு வந்தது. பின்னால் விருதுகளும் வந்தன. உட்லண்ட்ஸ் வீட்டில் அவற்றுக்கென்று பூட்டுவைத்த கண்ணாடி அலமாரி வாங்கினேன். ஒவ்வொரு விருதும் ஒருநாள் சந்தோஷம் தந்தது. மறுநாளே அடுத்ததைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அக்காவோ தேக்கா சந்தையில் மீன் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, நிதானமாக அடுத்த எண்ணை அழுத்துவார். அவருக்குச் சாமர்த்தியம் போதாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா இறந்த அன்று அறிவிப்பை நானே எழுதி அனுப்பினேன். என் பெயருக்குப் பக்கத்தில் பதவியும் விருதும் இருந்தன. பிற்பகலில் அக்கா அழைத்தார். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“தம்பி, அம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கிட்டது யாரு?”

ஆறு ஆண்டுகள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய இந்தோனேசியப் பணிப்பெண் சூர்யாத்தி, அப்போது சமையலறையில் தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

“விருதை எடுத்துடுங்கக்கா. கடைசி வரியில சூர்யாத்தி பேரைப் போடுங்க.”

“பதவி?”

“அதையும்தான்.”

மறுநாள் நாளிதழை அவளிடம் கொடுத்தேன். தமிழ் படிக்கத் தெரியாதவள். எது தன் பெயர் என்று கேட்டு, கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஊர் திரும்பும்போது அந்த அறிவிப்பைக் கத்தரித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்து எடுத்துப்போனாள். என் விருது எதையும் நான் அப்படித் தொட்டதில்லை.

அக்கா ஓய்வுபெற்றதும் ஆசிரியர் பதவியை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். “இறங்கி வந்துட்டாரு” என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அலமாரியின் சாவி எங்கே என்று இப்போது எனக்குத் தெரியாது.

இன்று காலை அதே தொலைபேசியில் ஒரு மகனுக்குப் பெயர்களைப் படித்துக் காட்டினேன். கடைசிக் கேள்வியையும் கேட்டேன். போனை அவர் வைத்துவிடவில்லை. சுருள் கம்பியை விரலில் சுற்றியபடி காத்திருந்தேன்.