வழிவிட்டால் நின்றுவிடுவார்

கரி எஞ்சின் ரயிலில் கடலூரில் ஏறி என் எதிரே உட்கார்ந்த பெரியவருக்குக் கை ஓயாமல் நடுங்கியது; முகத்தில் அசைவே இல்லை. சிதம்பரத்தில் இறங்க எழுந்தவர் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டார். நான் மரியாதையாகக் காலை மடக்கி வழிவிட்டேன்.

“காலைக் குறுக்கால நீட்டுங்க தம்பி. வழி விட்டா நின்னுடுவேன். தாண்ட ஏதாச்சும் இருந்தாத்தான் கால் எழும்பும். நடுக்குவாதமாம், டாக்டரே சொன்ன வழி.”

பெரியவர் முன்னால் காலை நீட்டுவதா? கார்டின் விசில் கேட்டது. கூசிக்கொண்டே நீட்டினேன். தாண்டினார், விடுவிடுவென்று போய் இறங்கியும்விட்டார்.

பிளாட்பாரத்தில் எல்லோரும் பணிவாக விலகினார்கள். மறுபடி நின்றுவிட்டார்.

“யாராச்சும் அவருக்குக் குறுக்கால காலை நீட்டுங்க!” என்று நகரும் வண்டியிலிருந்து கத்தினேன். பிளாட்பாரமே என்னை முறைத்தது.

அத்தனை பேர் மரியாதையில் மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ, இன்றுவரை தெரியாது.