பத்திரிசியார் வாசலில் அந்தோனியாரின் மீன்

என் அக்கா பேர்ளின் கணவர் செல்வரட்ணம் அத்தானை சிட்னியின் டூங்கபியில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டவர்கள் குறைவு. மன்னார்ப் பேசாலையில் சின்ன வயதிலேயே மீன்பிடி வள்ளம் ஏறியவர். சிட்னிக்கு வந்த நாள்முதல் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் இடத்தில் வேலை. சனிக்கிழமையும் போவார், கூப்பிட்டால் லீவு நாளிலும் போவார். பூசையை மட்டும் விடமாட்டார்.

போன வருஷம் அவருடைய மகள் டில்ஷாவுக்குக் குழந்தை மாதம் முந்திப் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அத்தான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அந்தோனியாரே, பிள்ளையைத் தாரும். இனி என்ரை கையால பிடிக்கிற முதல் மீன் உமக்கு" என்று நேர்ந்துகொண்டார். அவர்கள் குடும்பத்தில் நேர்த்தி என்றால் மீன்தான். கோயிலில் கொடுத்துவிட வேண்டும். நேர்ந்தவர் வீட்டுச் சட்டிக்கு அது வரக்கூடாது.

ஆண்டவர் கிருபையால் பிள்ளை தேறி, இப்போது வீடெல்லாம் தவழ்கிறது. ஆனால் அத்தானுக்குத் தூண்டில் போட ஒரு நாள் வாய்க்கவில்லை. கடன் வைத்தவர்போல் அந்தோனியார் படத்தை நிமிர்ந்து பார்க்காமலே செபம் சொல்லுவார்.

ஈஸ்டர் லீவில் அத்தானின் மகன் றிஷி எங்களை எல்லாம் காரில் ஏற்றி, கியாமாவுக்கும் அங்கால் ஒரு சின்னக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனான். முந்தி ஐரிஷ்காரர் வந்து குடியேறிய ஊராம். ஒரு தெரு, ஒரு பேக்கரி, மேட்டில் கல்லால் கட்டிய ஒரு கோயில், கீழே மீன் பிடிக்க ஒரு பாலம். அவ்வளவுதான் ஊர்.

நாங்கள் புல்லில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அத்தான் தூண்டிலும் கையுமாய்ப் பாலத்தை விட்டு அசையவில்லை. வெயில் சாயும் நேரத்தில்தான் சத்தம் கேட்டது.

"பேர்ள்! வந்திட்டார்!"

"ஆர், அந்தோனியாரோ?" என்றா அக்கா.

நல்லதொரு பாரை மீன். அதைப் பையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினோம். கோயில் பூட்டிக் கிடந்தது. றிஷி பலகையை வாசித்தான். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசையாம். கோயிலும் அந்தோனியாருடையது இல்லை, ஐரிஷ்காரரின் புனிதர் பத்திரிசியாருடையது.

அத்தான் முகம் வாடிப்போனது. "அவருக்கு நேர்ந்ததை இவருக்குக் குடுக்கலாமோ?"

"ரெண்டு பேரும் மோட்சத்தில ஒண்டாத்தானே இருக்கினம். இவர் கையில குடுத்தா அவரிட்டப் போகும்" என்றா அக்கா.

"டாட், சீரியஸ்லி?" என்று றிஷி தலையில் கைவைத்தான். "சேர்ச் வாசல்ல மீனோ?"

அத்தான் பையைக் கதவுப் பிடியில் கொழுவி, முழந்தாளில் நின்று செபித்துவிட்டு வந்தார். எங்கள் ஊர்க் கோயில் என்றால் வாங்கி வைக்க ஆள் இருக்கும். இங்கே யார் வருவார் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

குழந்தையைக் கார் சீற்றில் கட்டிக்கொண்டு இருக்கும்போது, எதிர்வீட்டிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி கோயில் வாசலுக்குப் போனா. பையைத் திறந்து பார்த்தா. மூக்கைச் சுளித்துக்கொண்டு நேரே குப்பைத் தொட்டிப் பக்கம் நடந்தா.

"ஐயோ, என்ரை நேர்த்தி!" அத்தான் ஓடினார். அவர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டில்ஷா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கோயிலைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவவிடம்தானாம். ஏதோ பெடியள் செய்த குறும்பு என்று நினைத்திருக்கிறா. டில்ஷா பெட்டிக்குள் பிள்ளை கிடந்ததிலிருந்து எல்லாவற்றையும் இங்கிலீசில் சொன்னாள். அந்த அம்மா மீனைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா, திரும்ப மீனைப் பார்த்தா.

"ஃபாதர் வர ரெண்டு கிழமை ஆகுமாம், அப்பா. அதுக்குள்ள பழுதாயிடும் எண்டு சொல்லுறா."

"அப்ப அவவையே எடுக்கச் சொல்லு. கோயில் திறப்பு அவவிட்டத்தானே இருக்கு."

"மீன் வெட்டத் தெரியாதாம்."

அத்தானுக்கு அது போதும். காரிலிருந்து கத்தியை எடுத்துவந்து, அவ வீட்டு வெளிப் பைப்படியில் குந்தியிருந்து செதில் போக்கி, குடல் எடுத்து, துண்டு துண்டாக்கிக் கழுவி, அவவின் சட்டியில் போட்டுக் கொடுத்தார். அவ பாதியை எங்களிடம் நீட்டினா. அத்தான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நோ, நோ. அந்தோனியார்" என்றார். அவருடைய இங்கிலீஸ் அவ்வளவுதான்.

அவ சிரித்துக்கொண்டு பிள்ளையின் தலையில் சிலுவை அடையாளம் போட்டா.

"சரி, வாங்கோவன். பிந்தினா றோட்டெல்லாம் கார் நிறைஞ்சிடும்" என்று அக்கா அவசரப்படுத்தினா.

"கொஞ்சம் பொறு. மீன் உள்ள போகட்டும்."

அந்த அம்மா தன் வீட்டுப் படியேறி, கதவைத் திறந்து, மீன் சட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் அத்தான் தொப்பியைக் கையில் பிடித்தபடி றோட்டோரம் நின்றார். பிறகுதான் காரில் ஏறினார்.