“இழுக்குது” என்றான் சேகர்

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். வீடு காலடிப்பேட்டையில். போன வருடம் ஒரே மாடலில் இரண்டு பழைய கார்கள் விலைக்கு வந்தன. வெள்ளைக் கார் மேம்பாலம் ஏறவே முனகியது. சிவப்பு, மிதித்ததும் பறந்தது. எனக்குச் சிவப்பின் மேல்தான் கண்.

மெக்கானிக்கான என் நண்பன் சேகர் இரண்டையும் ஓட்டிப் பார்த்தான். சிவப்பிலிருந்து இறங்கியதும், “மாமு, இது இழுக்குது” என்றான். “ஆமாண்டா, சூப்பரா இழுக்குதுல்ல!” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். பிக்கப்பைச் சொல்கிறான் என்றே நினைத்தேன்.

டிரெய்லர்கள் ஊர்ந்துபோகும் எங்கள் பக்கத்தில் பிரேக்கை முழுசாக மிதிக்கும் வேகமே வராது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. வாங்கிய மூன்றாம் வாரம், ரோடு காலியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர் பக்கம் முன்னால் போன வேன் சட்டென நின்றது. அழுத்தி மிதித்தேன். ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தேன். வண்டி இடப்பக்கம் பாய்ந்து, ஓரமாக நின்ற டிரெய்லருக்கு அடியில் செருகிக்கொண்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது என் மனைவி ஸ்டெல்லா. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் சேகர் தலையில் அடித்துக்கொண்டான். “பிரேக் புடிச்சா லெஃப்ட்ல இழுக்குதுன்னு சொல்ல வந்தேன். நீ எங்க மாமு கேட்டே? சாவிய வாங்கிக்கினு போய்ட்டியே! அத்த ரெடி பண்ணிக்கினுதான் நீ ஓட்டுறேன்னு நெனச்சேன்.”

இப்போது யாருக்காக வண்டி பார்க்கப் போனாலும், காலி ரோட்டில் பிரேக்கை முழுசாக மிதித்துப் பார்க்கிறேன். எவனாவது ‘இழுக்குது’ என்றால், ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்காமல் விடுவதில்லை.

வீட்டில் ஸ்டெல்லா இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். அவளிடம் மட்டும் நான் எதுவும் கேட்பதில்லை.